ஞாயிறுதோறும் வந்த கேசட்டு

பொத்தானை அழுத்தியதும் முதலில் வெறும் இரைச்சல்தான் வரும்; அதற்குப் பின்னால் எங்கள் சர்ச் மின்விசிறியின் "கடக் கடக்", யாரோ தொண்டையைச் செருமுவது, ஒரு குழந்தையின் சிணுங்கல், அப்புறம்தான் உபதேசியாரின் ஜெபம். தொண்ணூறுகளின் நடுவில், அன்னூருக்குப் பக்கத்துப் பருத்திக் காடுகளுக்கிடையே இருந்த எங்கள் வீட்டில் ஞாயிறு ஆராதனை என்றால் இந்தச் சத்தம்தான்.

தண்ணீர்த் தொட்டியைக் கழுவும்போது வழுக்கி விழுந்ததில் அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனது. எனக்கு அப்போது பத்து வயது. ஆரம்பத்தில் சபையார் ஆராதனை முடிந்ததும் வண்டிப்பாதையில் நடந்தே வருவார்கள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பார்கள், பெண்கள் அவளுக்குத் தலைவாரிக்கூட விடுவார்கள். அப்பாவுக்கு மில்லில் ஞாயிறும் ஷிப்டு. அவர்கள் வந்துபோன நாளில் அம்மா இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிடுவாள்.

பிறகு, வெயிலில் இவ்வளவு தூரம் நடப்பானேன் என்று யாருக்கோ நல்ல யோசனை ஒன்று உதித்தது. சபைப் பொருளாளர் தன் வீட்டு டேப் ரெக்கார்டரை பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் வைத்து ஆராதனையைப் பதிவுசெய்தார். பால் வண்டிக்காரர் மாலையில் கேசட்டைக் கொண்டுவந்து கொடுப்பார். சனிக்கிழமை அதே கேசட்டு திரும்பிப் போகும், அதன்மேலேயே அடுத்த ஆராதனை பதிவாகும். பிரியமாகத்தான் செய்தார்கள். ஆனால் கேசட்டு வரத் தொடங்கியதும் ஆட்கள் வருவது நின்றுபோனது. வழியில் பார்த்து அப்பா கேட்டால், "வாரோமுங்க, வராம எங்க போறோமுங்க" என்பார்கள். எங்கள் பக்கத்தில் மாட்டேன் என்பதைக்கூட எத்தனை மரியாதையாகச் சொல்வார்கள் என்று அந்த வருஷம் தெரிந்துகொண்டேன்.

அம்மா கேசட்டோடு சேர்ந்து பாடுவாள். மூச்சு வாங்கி அவள் ஒரு வரியை முடிப்பதற்குள் கேசட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கும். இருமலை வைத்தே யார் யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டு வாசலைப் பார்ப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா என்னிடம், "அம்மணி, அந்தச் செவப்புப் பொத்தான அமுக்கு" என்றாள். அமுக்கினேன்; பதிவு ஓடத் தொடங்கியது. கேசட்டின் ஆரம்பத்திலேயே, பழைய ஜெபத்தின்மேல் பேசினாள்: "ஸ்தோத்திரமுங்க. உங்க பாட்டெல்லாம் நெம்ப நல்லாக் கேக்குதுங்க. ஆனா ஊடு வெறிச்சுனு கெடக்குதுங்க. ஒரே ஒரு வாட்டி எல்லாரும் வந்து என்ற கையப் புடிச்சு ஜெபம் பண்ணிப்போட்டுப் போங்க. இந்தப் புள்ள காபி வெச்சுத் தருவா."

ஞாயிறன்று வீட்டைக் கூட்டி, பாயை விரித்து வைத்தேன். அம்மா நீலப் புடவையைக் கட்டிவிடச் சொன்னாள். பால் வண்டி மட்டும் வந்தது. கேசட்டைப் போட்டபோது அம்மா பேசியிருந்த இடத்தில் உபதேசியார் ஜெபித்துக்கொண்டிருந்தார். யாரும் போட்டுக் கேட்கவே இல்லை. அப்படியே எடுத்து அதன்மேல் பதிவுசெய்திருக்கிறார்கள். "நிறுத்திப்போடு கண்ணு" என்றாள் அம்மா. அதற்குப் பிறகும் கேசட்டு வந்துகொண்டுதான் இருந்தது, அவள் கேட்கவில்லை. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு செத்துப்போனாள்.

அடக்கத்துக்குச் சபை முழுவதும் வந்தது. வாசலில் நிற்க இடமில்லை. வெளியூர்ச் சொந்தங்கள் கேட்கட்டும் என்று பொருளாளர் டேப்பையும் எடுத்து வந்திருந்தார். யாரிடமும் குரலை உயர்த்தியறியாத அப்பா அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "வேண்டாமுங்க. வந்தவங்க கேட்டாப் போதுமுங்க" என்றார்.

இன்று கேசட்டும் இல்லை. பருத்திக் காடெல்லாம் வீட்டுமனையாகிவிட்டது. ஆராதனை கைப்பேசியில் நேரடியாக வருகிறது. ஒருவருக்குச் சுகமில்லை என்று சபைக் குழுவில் செய்தி வந்தால், கூப்பிய கைகளின் படங்கள் வரிசையாக வந்து விழுகின்றன. அவர்கள் ஜெபிப்பதை நான் சந்தேகிக்கவில்லை, ஆனால் நான் அந்தப் படத்தை அனுப்புவதில்லை.

போன மாதம், படுத்த படுக்கையாக இருக்கும் சபை அக்கா ஒருவரைப் பார்க்கப் பஸ் ஏறிப் போனேன். கதவைத் திறந்த அவருடைய சிறிய மகள், "ஆராதனை லிங்க் வந்துருச்சுங்களே, நீங்க எதுக்குங்க இத்தன தூரம்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அந்த அக்காவின் குரல் வந்தது: "ஆரு கண்ணு வந்திருக்கறது? போகச் சொல்லிப்போடாத, உக்காரச் சொல்லு!"