ஏழாம் மாடிக் கையெழுத்து

நேர்காணல் முடிந்து ஐந்து வாரமாகியும் அந்தக் கம்பெனியிலிருந்து மூச்சுப் பேச்சில்லை. லிப்ட் மெக்கானிக் குளிக்கப் போனாலும் போனைச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டே முறை மணி அடித்தது. ஒன்று ராங் நம்பர். மற்றது, அடுத்த அறையிலிருந்து மனைவி.

"போன் நல்லாத்தாங்க அடிக்குது. கோளாறு அவங்ககிட்டதான்."

சிரிக்கிற நிலையில் அவர் இல்லை. இப்போதைய முதலாளி அவரை எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிளைக்கு மாற்றியிருந்தார். போகிறாரா, விலகுகிறாரா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். மகளுக்குப் பரீட்சை வருஷம். மனைவிக்கு வேலை இங்கே. போவதென்றால் அவர் தனியாகத்தான் போகவேண்டும்.

மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினார். மூன்று முறையும் ஒரே பதில்: 'பரிசீலனையில் உள்ளது. தகவல் சொல்வோம்.'

வியாழக்கிழமை, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நேரிலேயே போய்விட்டார்.

கீழ்த்தளத்தில், 'பழுது' என்ற அட்டை தொங்கிய லிப்டுக்கு எதிரே எச்.ஆர். பிரிவு. அங்கிருந்த அம்மாள் கோப்பைப் புரட்டினார்.

"நீங்க செலக்ட் ஆகி ஒரு மாசமாச்சே சார்."

மெக்கானிக் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "யாரும் சொல்லலையே மேடம்."

"எப்படிச் சொல்றது? ஆர்டர்ல மேனேஜர் கையெழுத்து போடணும். அவர் ஏழாவது மாடில இருக்காரு. லிப்ட் ஓடல. எனக்கு முட்டிவலி."

"லிப்டை ஓட வைக்கத்தானே என்னை எடுத்திருக்கீங்க?"

"அதான் சார், நாங்களும் உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருக்கோம்."

"பத்து நிமிஷம் குடுங்க, பார்த்துடறேன்."

"வேலைல சேராதவங்க தொடக்கூடாது."

"அப்ப ஆர்டரையாவது நான் மேல கொண்டுபோறேன்."

"அது ரகசியக் கடிதம் சார்." அந்த அம்மாள் சற்று யோசித்தார். பிறகு கடிதத்தை உறையிலிட்டு, பசை தடவி ஒட்டி, அவர் கையிலேயே கொடுத்தார்.

நூற்று நாற்பத்தேழு படி. காலமெல்லாம் பிறரை ஏற்றி இறக்க வழி செய்தவருக்கு நான்காம் மாடியிலேயே நாக்குத் தள்ளிவிட்டது.

"யாரு?" என்றார் மேனேஜர்.

"லிப்ட் மெக்கானிக் சார்."

"லிப்ட் நின்னு மூணு மாசமாச்சு, எங்கய்யா போயிருந்தீங்க?"

மூச்சு வாங்கியபடியே அவர் உறையை நீட்டினார். கையெழுத்து விழுந்தது.

"கீழ குடுத்துடுங்க. அவங்க தகவல் சொல்லுவாங்க."

அந்த வார்த்தையை மூன்று மின்னஞ்சலில் பார்த்தாயிற்று. இறங்கி வந்து கடிதத்தைக் கொடுத்தவர், இடத்தை விட்டு நகரவில்லை.

"தகவலைச் சொல்லுங்க மேடம், கேட்டுட்டே போறேன்."

"போன்லதான் சார் சொல்லணும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

அந்த அம்மாள் எண்களை அழுத்தினார். மெக்கானிக்கின் சட்டைப்பையில் மணி அடித்தது.

"வணக்கம் சார். உங்களுக்கு வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை சேர முடியுமா?"

'பரிசீலனையில் உள்ளது' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகளை நினைத்து விழுங்கிக்கொண்டார்.

"வந்துடறேன் மேடம்," என்று போனில் சொன்னார். அதை வைத்த பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, நேரிலும் ஒருமுறை சொன்னார்.