முறை வைத்து எறிகிறார்கள்

குளிர்நாட்டு நகரான ஓகூஸில் மழை தூறுகிறது. கல்லூரி மாணவர்கள், பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால் பழகும் புல்வெளி ஓரத்தில் நிற்கிறேன். அணியில் இதுவரை பந்தை எறிந்தவன், பிடித்தவன், தூக்கிக்கொண்டு ஓடியவன் மூவரும் படிப்பை முடித்துப் போய்விட்டார்களாம். அவர்களுடைய இடத்துக்கு யார் என்று கோப்பியும் கேக்கும் வைத்துக் கூடிக் கதைத்திருக்கிறார்கள். இன்னார்தான் கெட்டிக்காரன் என்று சொல்வது இங்கே மரியாதைக்குறைவு. ஆகவே விரும்பியவர்கள் எல்லோரும் முறை வைத்து விளையாடுகிறார்கள். நாகரிகம் முற்றிப்போன நாடு.

“ஒருத்தற்ர மனமும் நோகக்கூடாதெல்லோ,” என்கிறார் என்னைக் கூட்டிவந்த அன்ரன் அண்ணை. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர். “இண்டைக்கு எறியிறது என்ர மகன்.”

மகன் எறிகிறான். பந்து கேக் மேசைக்கு அடியில் போய் விழுகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். மறுபடி எறியக் கையை ஓங்கும்போதே எதிரணித் தடியன்கள் மூன்று பேர் அவனை விழுத்தி மேலே ஏறுகிறார்கள். அதற்கும் கைதட்டல்.

“உங்கட ஆஸ்பத்திரியில ஒப்பரேசனும் முறை வைச்சுத்தான் செய்யினமோ, அண்ணை?”

“உமக்கென்ன விசரே? அங்க ஆக்களுக்கு ஏதும் நடந்திடுமெல்லோ,” என்கிறார், கைதட்டுவதை நிறுத்தாமல்.

அவருடைய மகன் இன்னும் எழும்பவில்லை.