வாங்காகக் கிடந்த கதவு

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் பெண்ணுக்கு ஒரு வீடு வேண்டும். தொண்ணூறுகளில் என் மூத்த சகோதரி ராத்தாவின் கலியாணம் நெருங்கியபோது, எங்கள் வளவிலேயே அவருக்குக் கட்டிய வீட்டில் சுவரும் ஓடும் இருந்தன. முன்கதவு மட்டும் இல்லை. கதவு செய்ய வேண்டிய ஓடாவி பொத்துவிலுக்கு வேலைக்குப் போனவர் போனவர்தான்.

வயல் செய்கிற வாப்பா, தானே கதவு செய்வதாகச் சொன்னார். அதற்கு முதலில் மரவேலை செய்ய ஒரு வாங்கு வேண்டுமாம். முற்றத்து மணலில் நாலு தென்னங்குற்றிகளை நட்டார். மேலே போட மொத்தமான பலகை கிடைக்கவில்லை. எங்கள் வீட்டு முன்கதவைக் கழற்றிப் படுக்கவைத்தார்.

அது வைரம் பாய்ந்த முதிரை மரக் கதவு. உம்மாவுக்குச் சீதனமாக வந்த வீட்டின் கதவு. வெள்ளிக்கிழமைகளில் உம்மா அதை எண்ணெய் தொட்டுத் துடைப்பார்.

"கதவக் கழட்டிப்போட்டு நாய் பூர வழி வெச்சிருக்கீங்களா?"

"மூணு நாளைக்கித்தான் புள்ள. மறுகா உன்ட கதவு உன்ட வாசல்ல நிக்கும்."

"ஒரு கீறல் உழுந்தாலும் நான் உங்களோட கதைக்கமாட்டன்."

வாசலில் சாக்குத் திரை தொங்கியது. வாப்பா மாம்பலகைகளைச் சீவினார். சுருள் சுருளாக விழுந்ததைக் கையில் வளையலாகப் போட்டுக்கொண்டேன். பலகைகளை அடுக்கிக் குறுக்குச் சட்டம் வைத்தபோது, தகரப் பேணியிலிருந்து கட்டை ஆணிகளை எடுத்து நீட்டினேன்.

"இது காணா மகள். நீளமானதக் கொண்டா."

ஆணிக்கு ஆணி பிஸ்மில்லாஹ் சொல்லி அடித்தார்.

நிக்காஹ்வுக்கு முதல்நாள் புதுக்கதவைத் தூக்கினால், பழைய கதவும் கூடவே எழும்பியது! ஆணிகள் ஊடுருவி இரண்டையும் ஒன்றாகத் தைத்திருந்தன. அலவாங்கு போட்டு நெம்பியதில் மாம்பலகை பிளந்தது. முதிரைக்கு ஆணித் துளைகளைத் தவிர ஒன்றுமில்லை.

ராத்தா அழத் தொடங்கினார். நாளைக்கு மாப்பிள்ளை வருவார், வாசலில் கதவில்லை. மணலில் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்த உம்மா எழும்பி, முந்தானையால் முதிரைக் கதவின் தூசைத் துடைத்தார்.

"இதக் கொண்டுபோய் அவள்ட வாசல்ல பூட்டுங்க. நமக்குச் சாக்குப் போதும்."

"என்ன மன்னிச்சிக்க புள்ள" என்றார் வாப்பா, மெதுவாக. ஆணி அடித்த பிழைக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

எங்கட வாப்பாவுக்கு ஆணி அளவே தெரியாது என்று குர்ஆன் ஓதப் போன இடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அது அவர் காதுக்கும் போனது. "ஓம் மகள், தெரியாதுதான்" என்று சிரித்தார். அடுத்த கிழமை பிளந்த பலகைகளைச் சேர்த்து எங்கள் வாசலுக்கு ஒரு கதவு செய்தார். அதற்குக் கட்டை ஆணி அடித்தார். ஒன்றுகூட மறுபக்கம் வரவில்லை.

வாப்பா மவுத்தாகிப் பல காலம். எனக்கும் கலியாண வயதில் ஒரு குமர் வளர்ந்து நிற்கிறாள். ராத்தா வீட்டுக்குப் போனால், அந்தக் கதவில் மெழுகு அடைத்த துளைகளைத் தடவிப் பார்ப்பேன். உம்மாவிடம் அதை ராத்தாவுக்குத் தா என்று கேட்க வாப்பாவுக்கு வாய் வரவில்லை என்பது இப்போது விளங்குகிறது. மனதில் வைத்த நிய்யத்தை அல்லாஹ் அறிவான். அன்றைக்குப் பேணி நிறையக் கட்டை ஆணி கிடந்ததை மட்டும் நான் இன்னும் உம்மாவிடம் சொல்லவில்லை.