மூன்று சாவியும் ஒரே காரில்

நாமக்கல்லில் கோழிகளுக்கான தடுப்பு மருந்து விநியோகிக்கும் ஏஜென்சி ஒன்றில் பில் போடுவது என் வேலை. மருந்து முழுவதும் குளிர் அறையில் இருக்கும். கல்லாவை நம்பி என்னிடம் விட்ட முதலாளி, அந்த அறைச் சாவியை மட்டும் கண்ணில்கூடக் காட்டியதில்லை.

ஒருநாள் மருந்துக் கம்பெனி அதிகாரி வந்து, எது கெட்டால் என்ன செய்வீர்கள் என்று முதலாளியைக் குடைந்தார். கரண்ட் போனால் ஜெனரேட்டர். அது மக்கர் பண்ணினால் ஐஸ் பெட்டி. வேன் நின்றால் பக்கத்து லாரி ஆபீஸ் வண்டி. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அறைச் சாவி வைத்திருப்பவர் வராவிட்டால்? முதலாளி பக்கத்தில் நின்றவரைக் காட்டினார்.

“இவரு என் மச்சினனுங்க. இவரு வரலீன்னா இவரு தம்பிகிட்ட இன்னொரு சாவி இருக்குதுங்க.”

அதிகாரி திருப்தியாகக் காபி குடித்துவிட்டுப் போனார். அண்ணன் வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் தம்பியும் அங்கேதானே இருப்பான் என்பது எனக்கு உறைத்தது. என்னை யார் கேட்டார்கள்?

கொஞ்ச நாளில் ஜேடர்பாளையத்தில் முதலாளியின் மாமனார் தவறிப்போனார். சாவிக்காரர்கள் இருவருமே அவர் பெற்ற பிள்ளைகள். வேன் டிரைவரும் பங்காளி. விடிவதற்குள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். ஏஜென்சியில் நான் மட்டும்.

காலையில் முதல் ஆளாக மல்லசமுத்திரத்திலிருந்து ஒரு அம்மா ஐஸ் பெட்டியோடு வந்தார். எருமையை விற்று நாட்டுக்கோழிக் குஞ்சுகள் விட்டிருந்தார். பக்கத்துப் பண்ணையில் வெள்ளைக் கழிச்சல் வந்து கோழிகள் சாய ஆரம்பித்துவிட்டன. இவர் குஞ்சுகளுக்கு உடனே மருந்து கொடுத்தாக வேண்டும்.

நான் விஷயத்தைச் சொன்னதும் பூட்டிய கதவைப் பார்த்தார். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“ஏனுங்க, மருந்து உள்ளதானுங்களே இருக்குது?”

“ஆமாங்க.”

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு அவ்வளவு கேவலமாக இருந்தது. மற்ற ஏஜென்சிகளில் கேட்டேன், அந்த மருந்து கையிருப்பில் இல்லை. மத்தியானம் வரை கூப்பிட்டும் முதலாளி, மச்சினன், தம்பி, யாருமே போனை எடுக்கவில்லை. பூட்டை உடைத்தால் எனக்குத் திருட்டுப் பட்டம்தான் மிஞ்சும். அவரை உட்காரச் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் ஆற்றங்கரையில் இருந்தார்கள். கொள்ளி வைத்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றிருந்த மச்சினனிடம் போய், ஊர் முழுக்க முறைக்க, சாவி கேட்டேன்.

“எளவுக்கு வந்த எடத்துல கேக்கற கேள்வியாங்க இது? நாளைக்கு வரச்சொல்லக் கூடாதுங்களா?” என்று முதலாளி சீறினார். நோய் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டா வருகிறது என்று கேட்க வாய் வரை வந்தது. அந்த இடத்தில் எப்படிக் கேட்பது? மச்சினன் அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். காவிரித் தண்ணீர் அதிலிருந்து சொட்டியது.

திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அந்த அம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். கொண்டுவந்த ஐஸ் எல்லாம் தண்ணீராகிவிட்டிருந்தது. புது ஐஸ் வைத்து மருந்தைக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

சில நாள் கழித்துப் போன் செய்தார். “பாதி போயிருச்சுங்க. காலையிலேயே கெடச்சிருந்தா...” போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இதை முதலாளியிடம் சொன்னேன். நியாயம்தான் என்று மூன்றாவது சாவி செய்தார். வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டாத குறைதான். அதை அவர் தன் மகளைக் கட்டிய மாப்பிள்ளையிடம் கொடுத்தார்.

“எனக்கொண்ணு குடுக்கலாமுங்களே?”

“உங்களுக்கு எதுக்குங்க அந்தச் சிரமம்? சாவின்னா நம்ம ஆளுககிட்ட இருக்கோணும்.”

இத்தனை வருஷம் அந்த நம்ம ஆளுகளில் நானும் ஒருவன் என்று நினைத்திருந்தேன்.

போன வாரம் முதலாளி என் மேஜைக்கு வந்தார். மாமனார் காரியத்துக்காக வெள்ளிக்கிழமை எல்லாரும் ஒரே காரில் ராமேஸ்வரம் போகிறார்களாம். “மாப்பிள்ளையும் வாராருங்க. கடைய நீங்க பாத்துக்குங்க” என்றார்.

அந்த நேரம் பார்த்து மல்லசமுத்திரத்து அம்மாவின் போன். மிச்சக் குஞ்சுகளுக்கு இரண்டாவது தவணை மருந்து வாங்க வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார். ஒருநாள் முன்னாலேயே வந்துவிடச் சொன்னேன்.

“ஏனுங்க, அன்னிக்குக் கரண்டு இருக்காதுங்களா?”

முதலாளி பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

“கரண்டெல்லாம் இருக்குமுங்க. சொந்தக்காரங்கதான் இருக்கமாட்டாங்க.”