இரவல் லைப்ரரியும் இறால் ஹேச்சரியும்

1. பக்கத்து ஊர்ப் புகார்

எங்கள் டேட்டாபேஸ் விழுந்துவிட்டது, ஓடாமல் நின்றுவிட்டது என்று புகார் வருவது எனக்குப் புதிதல்ல. பெயரை உச்சரிக்கவே பயிற்சி வேண்டும் என்கிற ஊர்களிலிருந்தெல்லாம் வரும். அன்று வந்த புகாரின் கீழே ‘புதுப்பட்டினம் பக்கத்தில்’ என்று இருந்தது. செங்கல்பட்டில் என் வீட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக ஒரே பஸ். உலகத்துக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தவளுக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நம் சரக்கைப் பயன்படுத்துகிறார் என்றதும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை அரை நாள்கூடத் தாங்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்களுடையது ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ். கோட் முழுவதும் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாவற்றையும் நாங்களே எழுதுவதில்லை. டேட்டாவைச் சுருக்கி வைப்பது, பூட்டி வைப்பது போன்ற வேலைகளுக்கு வேறு யாரோ எழுதிய கோட் தொகுப்புகளை, லைப்ரரிகள் என்போம், கொண்டுவந்து ‘தேர்ட் பார்ட்டி’ என்ற ஃபோல்டரில் போட்டு, எங்கள் கோடோடு சேர்த்தே தருகிறோம். அந்த ஃபோல்டருக்கு நான்தான் காவல். கம்பெனி வேலையை விட்ட பிறகு இத்தனை வருஷமாக எனக்குச் சோறு போடுவது அந்த ஃபோல்டர்தான்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்பார்கள் அல்லவா, அதுபோல அந்த ஃபோல்டருக்குள் யாரும் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மாற்றியே ஆக வேண்டும் என்றால், ‘இந்த இடத்தில் இந்த வரியை எடுத்துவிட்டு அந்த வரியைப் போடு’ என்று தனியாக ஒரு பேட்ச் எழுதி வெளியே வைப்போம். லைப்ரரியின் புதிய வெர்ஷன் வந்தால், ஸ்கிரிப்ட் என்கிற ஒரு குட்டி புரோகிராம் அதை இறக்கி, பழைய பேட்சுகளை அதன் மேல் ஒட்டிவிடும். எல்லாம் ஒட்டிவிட்டால் ‘சக்சஸ்’ என்று பச்சையில் வரும். பச்சையைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவோம்.

சுருக்கும் லைப்ரரியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பதாகச் செய்தி வந்தது. எழுதியவர் ஓட்டையை அடைத்துப் புதிய வெர்ஷன் வெளியிட்டார். நாங்களும் அதைச் சேர்த்து, பச்சையைப் பார்த்து, ‘அனைவரும் உடனே அப்டேட் செய்யவும்’ என்று கொட்டை எழுத்தில் அறிவித்தோம். ஸ்டெல்லா உடனே செய்தாள். அவள்தான் புதுப்பட்டினத்துப் புகார்க்காரி.

2. யாரைக் கேட்பது

‘அப்டேட் செய்தேன். டேட்டாபேஸ் விழுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் ஓடுகிறது, மறுபடி விழுகிறது’ என்று எழுதி, விழுந்த இடத்தின் விவரத்தையும் இணைத்திருந்தாள். விழுந்தது அந்தச் சுருக்கும் லைப்ரரிக்குள். எனக்கு மனப்பாடமான பதிலை அனுப்பினேன்: ‘இது தேர்ட் பார்ட்டி கோட். எங்களுடையது அல்ல. அதை எழுதியவரிடம் தெரிவியுங்கள்.’ அவள் தெரிவித்தாள். அவர், ‘இந்த ஃபைலை யாரோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றியவரைக் கேளுங்கள்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதையும் எனக்கே அனுப்பிவைத்தாள். பக்கத்து ஊர்தானே என்று என் போன் நம்பரைக் கொடுத்தேன். அடுத்த நிமிஷமே அடித்தது.

“மேடம், அவுரு உங்கள கேளுன்றாரு. நீங்க அவுர கேளுன்றீங்க. நடுவுல நான் யாரத்தான் கேக்கறது?”

“நீங்க எந்த கம்பெனிமா?”

“கம்பெனி இன்னா மேடம், இறா ஹேச்சரி. இங்க தொட்டி நெறய சீடு கீது.”

இறால் குஞ்சைத்தான் அங்கே சீடு என்கிறார்கள். தொட்டித் தண்ணீருக்குள் புளோயர் வழியாகக் காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். காற்று நின்றால் குஞ்சுகள் கொஞ்ச நேரத்தில் செத்து அடியில் படிந்துவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போர்டு அளந்து எங்கள் டேட்டாபேஸில் போடுகிறது. சற்று முன் வந்த அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, குறைந்தால் சைரன் அடிக்கிறது. டேட்டாபேஸ் விழுந்தால் சைரன் ஊமை. அவளுடைய சித்தப்பா மகன் பொருத்திக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டான்.

“மொதலாளி இன்னா சொல்றாரு தெரியுமா? நல்லா ஓடிக்கினு இருந்தத நீதான் அமுக்கிக் கெடுத்துட்டன்றாரு. இந்த சீடு வித்து வெளிய போனதும் நீயும் கெளம்புன்ட்டாரு. நீங்க அப்டேட் போடுன்னு எழுதனீங்க, நான் போட்டேன். நான் இன்னா மேடம் தப்பு பண்ணேன்?”

‘பார்க்கிறேன்’ என்று மட்டும் சொன்னேன்.

3. இருக்கிற பேட்ச்

எங்கள் ஸ்கிரிப்டுகளைக் கவனிப்பவன் குமரேசன். கருங்குழிக்காரன். வாய் நீளம், வேலை அதைவிடச் சுத்தம். ஸ்டெல்லா அனுப்பிய டேட்டாவை அவன் கம்ப்யூட்டரில் திறந்தான், திறந்தது. என்னுடையதில் திறந்தேன், அதிலும் திறந்தது. அவளுடைய போர்டில் மட்டும் விழுகிறது.

அந்தப் போர்டு பழைய வகை. மெமரியில் எண்கள் வரிசை பிசகாமல் உட்கார்ந்திருந்தால்தான் அதற்குப் படிக்கத் தெரியும். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தால் படுத்துவிடும். இது எங்களுக்கு முன்பே தெரியும். அதற்காகவே, ஒவ்வொரு எழுத்தாக எடுத்துப் படிக்கும்படி ஒரு பேட்ச் போட்டு வைத்திருக்கிறோம். அந்தப் பேட்ச்தான் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துத் தேடினேன். அது ஜம்மென்று ஃபைலுக்குள் உட்கார்ந்திருந்தது.

“அக்கா, பேட்ச் கீது. கண்ணால பாத்துக்கினு கீறேன். ஸ்கிரிப்ட்டும் சக்சஸ்னுதான் சொல்லிக்கீது. இன்னும் இன்னா வோணும் உனுக்கு?” என்றான் குமரேசன்.

“இருந்தா ஏன்டா விழுது?”

“அதான் எனுக்கும் புரியல.”

மருந்து உள்ளே போயிருக்கிறது, காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது எனக்கு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நாங்களும் அதைத்தான் செய்தோம். கடல் காற்றில் போர்டு உப்புப் பூத்திருக்கும் என்றோம். மெமரி கார்டு போலி என்றோம். கரண்ட் ஏற்ற இறக்கம் என்றோம். கடைசியில் அந்தச் சித்தப்பா மகன் ஒயரை மாற்றிச் சொருகியிருப்பான் என்றுகூடச் சொன்னோம். ஸ்டெல்லா கார்டை மாற்றினாள், போர்டைத் துடைத்தாள், சொன்னதையெல்லாம் செய்தாள். அது விழுந்துகொண்டேதான் இருந்தது. சைரனை நம்ப முடியாததால் கையில் மீட்டரை வைத்துக்கொண்டு தொட்டி தொட்டியாக அவளே சுற்றிவந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

4. தொட்டி பக்கத்தில்

ஹேச்சரி, புதுப்பட்டினம் தாண்டி சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம். வாசலில் ஊதா நிறத்தில் மருந்துத் தண்ணீர். அதில் காலை நனைக்காமல் உள்ளே விடமாட்டார்கள். வெளியிலிருந்து கிருமி வந்துவிடக் கூடாதாம். ஊர் பேர் தெரியாதவர் எழுதிய கோடை நாங்கள் இவ்வளவு சோதித்தா உள்ளே விடுகிறோம் என்று நினைத்துக்கொண்டே காலை நனைத்தேன்.

ஸ்டெல்லாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கண் வீங்கியிருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் முதலாளி வேதாசலம் வந்துவிட்டார்.

“நீங்கதான் அந்த கம்ப்யூட்டர்காரம்மாவா? யாரு தப்புன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. எனுக்கு வேற ஒண்ணும் வோணாம்.”

“மொதல்ல பாத்துட்றேன் சார்.”

“பாருங்க. சீடு செத்துச்சின்னா நான் தெருவுல நிக்கணும், அதையும் பாத்துக்கோங்க.”

லேப்டாப்பைப் போர்டோடு இணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புளோயர் இரைச்சலில் நான் யோசிப்பது எனக்கே கேட்கவில்லை. கடைசியில் மிகச் சாதாரணமான ஒரு காரியத்தைச் செய்தேன். பேட்ச் ஒட்டிய அந்த ஃபங்ஷனுக்குள், அதாவது அந்தக் கோட் துண்டுக்குள், ‘வந்தேன்’ என்று திரையில் எழுதும்படி ஒரு வரி சேர்த்தேன். போனில் இருந்த குமரேசன் அதை ஓடும் வடிவத்துக்கு பில்ட் செய்து அனுப்பினான். ஓட்டினேன். டேட்டாபேஸ் விழுந்தது. திரையில் ‘வந்தேன்’ இல்லை. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் விழுந்தது. அப்போதும் இல்லை.

“குமரேசா, நாம பேட்ச் போட்ட பக்கமே யாரும் வரலடா.”

“இன்னாக்கா சொல்ற?”

“அந்த ஃபங்ஷன யாரும் கூப்படவே இல்ல.”

போனிலேயே இருவரும் ஃபைலை மேலிருந்து படித்தோம். அப்போதுதான் தெரிந்தது. லைப்ரரியை எழுதியவர் ஓட்டையை அடைக்கும்போது, ஒன்றாக இருந்த ஃபங்ஷனை இரண்டாக்கியிருக்கிறார். ஒன்று, டேட்டாவை நம்பி வேகமாகப் படிப்பது. இன்னொன்று, ஒவ்வொரு அடியிலும் சரிபார்த்துப் படிப்பது. முதல் பத்துப் பதினைந்து வரிகள் இரண்டிலும் அச்சு அசல் ஒன்றே. எங்கள் பேட்ச், சுற்றியுள்ள வரிகளை அடையாளம் வைத்துத்தான் தன் இடத்தைத் தேடும். பழைய இடம் நகர்ந்துபோயிருந்ததால் அக்கம்பக்கத்தில் தேடியிருக்கிறது. இரட்டைப் பிள்ளைகளில் முதலில் கண்ணில் பட்டதன் மேல் ஒட்டிவிட்டு, ‘சக்சஸ்’ என்று சொல்லிவிட்டது. நாங்கள் கூப்பிடுவது இன்னொன்றை. பஞ்சரான டயரை விட்டுவிட்டு நல்ல டயரில் ஒட்டுப் போட்ட கதை.

புதிதாக வரும் அளவுகள் சுருக்கப்படும்வரை ஒன்றும் ஆகாது. சுருக்கியதை எடுத்துப் படிக்கும்போதுதான் அந்த இரண்டாவது பிள்ளை வேலைக்கு வரும். ரீஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் ஓடியதற்குக் காரணம் அதுதான். எங்கள் கம்ப்யூட்டர்களுக்கு எண் எங்கே உட்கார்ந்திருந்தாலும் படிக்கத் தெரியும். அதனால் எங்களிடம் விழவே இல்லை.

“இடம் நகர்ந்துச்சின்னு ஸ்கிரிப்ட் ஒரு வரி சொல்லிக்கீது அக்கா, அது குறிச்சி வெக்கற லாக்ல. ஆனா அது எல்லா தடவயும் சொல்றதுதான. நாம யாரும் கண்டுக்க மாட்டமே” என்றான் குமரேசன். அவன் குரல் இறங்கிவிட்டது.

இரண்டு ஃபங்ஷன்களிலும் பேட்சைக் கையாலேயே போட்டு, ஓட்டினேன். பழைய அளவுகளின் கிராஃப் எல்லாம் திறந்தது. ஸ்டெல்லா நம்பவில்லை. கொதித்து ஆறின தண்ணீரில் ஆக்சிஜன் இருக்காதாம். சமையலறையிலிருந்து ஒரு பக்கெட் கொண்டுவந்து, அளக்கும் கம்பியை அதில் முக்கினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சைரன் அலறியது. தோப்புப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு ஓடிவந்தார்கள்.

வேதாசலமும் வந்தார். “சரி, அடிக்குது. தப்பு யாருது?”

எத்தனை பேர் இருக்கிறார்கள் பாருங்கள். ஒன்றை இரண்டாக்கியவர் இருக்கிறார். நாங்கள் ஒட்டு வைத்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? பேட்ச் ஒட்டும் புரோகிராம் இருக்கிறது. தேடி ஒட்டுவதுதான் அதன் வேலை. பச்சையைக் காட்டிய ஸ்கிரிப்ட் இருக்கிறது. அப்டேட்டை அமுக்கிய விரல் இருக்கிறது. யாரைச் சொல்வது என்று எனக்கு உண்மையாகவே குழப்பம். ‘அது தேர்ட் பார்ட்டி கோட் சார்’ என்பது பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஸ்டெல்லா என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்களுதுதான் சார்,” என்றேன். “வேற ஒருத்தர் எழுதுனதா இருக்கலாம். எங்க கோடோட சேத்து, எங்க பேர்ல குடுத்தது நாங்க. அப்டேட் போடச் சொன்னதும் நாங்க. இவங்க சொன்னதச் செஞ்சாங்க, அவ்ளோதான்.”

அவர் என்னையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். “அடுத்த தபா தாய் இறா வருதுல்ல, தொட்டி கழுவ ஆளு சொல்லிட்டியா?”

“இன்னும் சொல்லல சார்.”

“சொல்லிடு,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த சீடோடு கிளம்பு என்றவர் அடுத்த சீடுக்கு முட்டையிட வரும் தாய் இறாலுக்கு வேலை சொல்கிறார். மன்னிப்பு என்பதை அவர் அப்படித்தான் கேட்பார் போலிருக்கிறது. ஸ்டெல்லா மீட்டரைக் கீழே வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். எனக்கும் கண் கலங்கியது.

5. இப்போது

பேட்ச் தன் இடத்திலிருந்து ஒரு வரி நகர்ந்தாலும் எங்கள் ஸ்கிரிப்ட் இப்போது சிவப்பில் நின்றுவிடும். யாராவது கண்ணால் பார்த்துச் சரி என்றால்தான் மேலே போகும். “ஒவ்வொரு தபாவும் நின்னுக்கினே கீது, பேஜாரா கீதுக்கா” என்று குமரேசன் புலம்புவான். நிற்கட்டும் என்பேன். பழைய வகைப் போர்டு ஒன்றும் வாங்கி என் மேஜையில் வைத்திருக்கிறேன். எந்த வெர்ஷனும் முதலில் அதில் ஓட வேண்டும்.

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்பார்கள். எங்கள் தொழிலில் இரவல் இல்லாமல் பிழைக்க முடியாது. நாங்கள் கட்டியிருப்பதில் பாதி இரவல்தான். ஆனால் கிழிந்தால் ஊர் பார்ப்பது கட்டியிருப்பவளைத்தான். இதில் எங்கள் கோட் எங்கே முடிகிறது, அடுத்தவர் கோட் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. ‘எங்களுடையது அல்ல’ என்ற அந்த மனப்பாடப் பதிலை மட்டும் நான் அனுப்புவதை விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு முறை நாங்கள் புதிய வெர்ஷன் வெளியிடும்போதும் ஸ்டெல்லாவிடமிருந்து மெசேஜ் வந்துவிடும்: “மேடம், போடலாமா?” கொட்டை எழுத்தில் நாங்கள் அறிவித்திருந்தாலும் என்னைக் கேட்காமல் அவள் அமுக்குவதில்லை. நானும் உடனே பதில் போடுவதில்லை. லாகைத் திறந்து, இரட்டைப் பிள்ளைகள் இரண்டின் மேலும் ஒட்டு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான், “போடு” என்று எழுதுகிறேன்.