செய்தித்தாளில் மூன்று சொட்டு

காலை ஐந்து நாற்பது. நான் முதலில் பார்த்தது தரையில் விரித்திருந்த ஒரு செய்தித்தாள். அதன் மேல் மூன்று சொட்டு எண்ணெய். இரண்டு சொட்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு எட்டு என்ற எண்ணைப் போல் பரவியிருந்தன. மூன்றாவது, ஒரு கல்யாண மண்டப விளம்பரத்தின் மேல் தனியாகக் கிடந்தது. ஒரு சாண் உயரத்தில் சிவப்புக் கார் ஒன்றின் அடிப்பக்கம். எனக்கு அப்போது ஒன்பது வயது. காயல்பட்டினத்தில் ஒரு பெரிய வீட்டின் கார் கொட்டகையில் குப்புறப் படுத்திருந்தேன்.

"எத்தன?" என்று மாமா வெளியிலிருந்து கேட்டார்.

"மூணு."

"நல்லா எண்ணிப் பாரு ட்டி."

"மூணுதான் மாமா."

மாமா என்றால் அம்மாவின் தம்பி. புன்னக்காயலில் மீன்பிடி போட்டுகளின் எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர். அவர்களுடைய தாய் இறந்தபோது அம்மாவுக்குப் பதினாறு வயது, மாமாவுக்கு ஆறு. அன்றிலிருந்து அம்மா சரி என்று சொல்லாமல் அவர் ஒரு சட்டை கூட வாங்கியதில்லை. அப்படிப்பட்டவருக்கு, கூரையை மடக்கிப் பின்னால் வைத்துக்கொள்ளும், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் மேல் ஆசை வந்துவிட்டது. அந்தக் காசுக்கு ஒரு போட்டில் பங்கு வாங்கலாம் என்றாள் அம்மா. மாமா மறுத்துப் பேசவில்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். நான்காம் நாள் அம்மா இறங்கி வந்து, எண்ணெய் கசியாத வண்டியாக இருந்தால் வாங்கலாம் என்று ஒரு நிபந்தனை போட்டாள்.

நிபந்தனையைச் சொல்லிக் கொடுத்தது பக்கத்து வீட்டு வேன் டிரைவர். "எஞ்சினுக்குப் பின்னால ஒரு சீல் இருக்கு அக்கா. அது கசிஞ்சா எண்ணெ நேரா கிளட்ச் தட்டுல போயி விழும். தட்டு வழுக்கும். மாத்தணும்னா கியர்பாக்ஸ முழுசா இறக்கணும். பாதி வண்டியக் கழத்துன மாதிரிதான்." ராத்திரி முழுக்க வண்டிக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வைத்து, காலையில் பார்த்தால் தெரிந்துவிடும் என்றும் அவர்தான் சொன்னார்.

பார்க்க அனுப்பப்பட்டவள் நான். அந்த வருடம் எனக்குப் புதுநன்மை, முதன்முறையாக நற்கருணை வாங்கும் சடங்கு. சனிக்கிழமைதோறும் கோவிலில் பாவங்களின் பட்டியலை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். நான் பொய் சொல்ல மாட்டேன் என்பதில் ஊரிலேயே யாருக்கும் சந்தேகம் இல்லை. "அவன நம்ப மாட்டேன். நீ பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள் அம்மா, மாமாவை வைத்துக்கொண்டே.

வண்டியின் சொந்தக்காரர் வெள்ளைத் தொப்பியும் பனியனுமாகத் தேநீர் கொண்டு வந்தார். கார் அவருடைய மகனுடையது. மகன் துபாயில். "வருசத்துல ஒரு மாசம் வாரான். வந்தா விருந்துக்குப் போவவே நேரம் சரியா இருக்கு. இது என்னடான்னா வேல இல்லாத வீட்டு மாப்பிள மாதிரி கொட்டகையில உக்காந்திருக்கு" என்றார். பிறகு நான் வெளியே இழுத்த செய்தித்தாளைப் பார்த்துவிட்டு, "நான் ஒண்ணையும் மறைக்கல தம்பி. போன வாரமே நீங்க அடியில படுத்துப் பாத்துட்டுத்தானே போனிய" என்றார்.

மாமாவுக்கு இருமல் வந்தது. தேநீர் புரையேறியது என்று நினைத்தேன். அவர் இன்னும் தேநீரைக் குடிக்கத் தொடங்கவில்லை.

அடுத்தது கிளட்ச். மாமா என்னைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்தார். கைப்பிரேக்கை இழுத்து, எஞ்சினை ஓடவிட்டு, நாலாவது கியரைப் போட்டார். "இப்ப பைய கிளட்ச விடுவேன். நல்ல கிளட்ச்னா ஒடனே ஒரு உலுக்கு உலுக்கி எஞ்சின் நின்னுரணும். நிக்காம ஓடுச்சுன்னா வழுக்குதுன்னு அர்த்தம்." விட்டார். எஞ்சின் நிற்கவில்லை. யோசித்தது. நான் மனதுக்குள் மூன்று எண்ணி முடித்த பிறகு, முனகிக்கொண்டே நின்றது. மாமா ஸ்டீயரிங்கை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

திரும்பும் வழியில் உப்பளத்து ஓரமாக மோட்டார் பைக்கை நிறுத்தினார்.

"ஏட்டி, போட்டுல விசிறித் தண்டு அடிப்பக்கமா வெளிய போற எடத்துல என்ன இருக்கு?"

"கிளாண்டு." எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது தெரியும். கடல் தண்ணீர் உள்ளே வராமல் தண்டைச் சுற்றிக் கயிறு போல் திணித்திருக்கும் அடைப்பு.

"அது சொட்டுமா, சொட்டாதா?"

"சொட்டும்."

"சொட்டாம இறுக்கி வச்சா?"

"தண்டு சூடாகிக் கருகிரும்."

"அப்ப சொட்டுறது நல்லதா, கெட்டதா?"

"நல்லது."

"நான் ஒண்ணும் சொல்லல, கேட்டியா. நீயாத்தான் சொன்ன" என்று மாமா பைக்கைக் கிளப்பினார்.

வீட்டில் அம்மா குசினி வாசலில் உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று சொட்டு. நாலாவது கியர். கிளாண்டு. சொட்டாத தண்டு கருகிவிடும் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். அம்மா போட்டுக்காரர் மகள், அவளுக்கு இது உடனே புரியும் என்று எனக்குத் தெரியும்.

"சொட்டுனது தண்ணியா, எண்ணெயா?"

"எண்ணெ."

அம்மா ஒரு மீனை முழுதாகச் செதில் எடுத்து முடித்தாள்.

"அவன் மூஞ்சி எப்பிடி இருந்துச்சு?"

"சிரிச்சிக்கிட்டே இருந்தாவ. எஞ்சின் நின்ன பொறவும்."

"சரி. வாங்கச் சொல்லு."

ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். ஒரு பொய்யும் சொல்லாமல் அம்மாவை மாற்றிவிட்டேன் என்பதில் எனக்குப் பெருமை. மாமா என்னைத் தூக்கி இரண்டு சுற்று சுற்றினார்.

கார் வந்த முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும், அம்மாவைத்தான் முதலில் ஏற்றினார். எங்கே என்று கேட்டதற்குப் பாபநாசம் என்றார். ஆறு கடலில் விழும் இடத்திலேயே பிறந்து வளர்ந்த அம்மா, அது மலையிலிருந்து இறங்கும் இடத்தைப் பார்த்ததே இல்லை. எனக்கு இருக்கை கிடையாது. அம்மா மடியில் உட்கார்ந்தேன். கூரையை மடக்கியிருந்தார்கள். திருநெல்வேலி தாண்டியதும் அம்மாவின் கொண்டை அவிழ்ந்துவிட்டது. அதைத் திரும்பக் கட்டாமல் அவள் உட்கார்ந்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

பாபநாசம் கோவிலைத் தாண்டி அணைக்குப் போகும் ஏற்றத்தில், இரண்டாவது வளைவில், எஞ்சின் உறுமியது. சத்தம் ஏறிக்கொண்டே போனது. வண்டியின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு கருகின வாடை. பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணாச்சி, சத்தம் அணைக்குப் போய்ச் சேந்துட்டு. வண்டி இங்கனயே நிக்கி!"

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவின் காது சிவந்தது. அவர் அம்மாவைப் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கிளாண்டு பற்றிச் சொன்னது நான்தானே.

அம்மா என்னை இறக்கிவிட்டு, தானும் இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஏலே, இங்கேருந்து ஆறு தெரியுமா?"

தெரியும் என்றார் மாமா.

"பொறவென்ன. நடப்போம்."

வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தோம். பாறைகளுக்கு நடுவில் ஆறு வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் அது அகலமாக, உப்பாக, சத்தமில்லாமல் இருக்கும். அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இம்புட்டுச் சத்தம் போடுமா இது" என்றாள். மாமா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

திரும்புவதற்கு இறக்கம் உதவியது. சமவெளியில் கிளட்ச் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தது. ஆற்றங்கரை ஓரமாகவே, டிராக்டர்கள் எங்களை முந்திப் போக, ஊர் வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். வழியில் ஒரு பாலத்தில் மாமா கேட்டார். "அக்கா, கோவமா?" அம்மா, "ரோட்டப் பாத்து ஓட்டுலே" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா இடுப்பிலிருந்த சாவியால் பீரோவைத் திறந்தாள். அடித்தட்டில், சேலைகளுக்குக் கீழே, ஒரு பொட்டலம் இருந்தது. அதை எனக்குத் தெரியும். கார் பார்க்கப் போவதற்கு நான்கு நாள் முன்பு மாமா கொண்டு வந்து கொடுத்தது. போட்டுக்கு உள்ள சாமான், உப்புக்காற்று படாமல் வை என்று சொல்லியிருந்தார். செய்தித்தாளில் சுற்றி, நீல வலைநூலால் கட்டி, வலைமுடிச்சு போட்டிருந்தார். அந்த முடிச்சை எனக்குச் சொல்லித்தர முயன்று தோற்றவர் அவர். அதை அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும்.

"இந்தா, இதுக்குத் தேவைப்படும்" என்று அம்மா நீட்டினாள்.

மாமா வாங்கிக்கொண்டார். உடனே பிரிக்கவில்லை. பொட்டலத்தையே பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டிருந்தாள். போட்டுச் சாமான் காருக்கு எதற்கு என்று நான் கேட்டேன். மாமா பொட்டலத்தை என்னிடம் கொடுத்து, பிரித்துப் பார்க்கச் சொன்னார்.

உள்ளே ஒரு புது எண்ணெய் சீலும் ஒரு புது கிளட்ச் தட்டும் இருந்தன. பிரிக்கக் கத்தி தேவைப்படவில்லை. நீல நூல் ஏற்கெனவே ஓரிடத்தில் அறுபட்டிருந்தது. அந்த இடத்தில், அம்மா சனிக்கிழமைகளில் மாதா சுரூபத்துக்குப் பூக்கட்டும் முடிச்சு போட்டிருந்தது.