சோளகத்துக்கு முன் வந்த கொப்புளிப்பான்

எழுதிப் பழகாத கை இது. கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். கோணலும் பிழையும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் கூடிப்போயிற்று. ஆனாலும் அம்மாவுக்குக் கொப்புளிப்பான் என்கிற சின்னம்மை வந்த அந்தப் பங்குனி மட்டும் மறக்கவில்லை.

வெள்ளைக்காரர் ஆண்ட காலம். நாங்கள் மன்னார்த் தீவில், தாழ்வுபாட்டில் இருந்தோம். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுப் பிறந்தால் எங்கள் பக்கத்துக் கடல் பொல்லாததாகிவிடும். அதற்கு முன் குடும்பத்தோடு தீவின் மற்றக் கரைக்குப் போய், ஓலையால் வாடி என்கிற குடிசை போட்டு, காற்று மாறும்வரை அங்கே மீன்பிடித் தொழில் செய்வோம். கொப்புளிப்பானும் அதற்குச் சற்று முன்னர்தான் வரும், வெயிலேறும் மாசி பங்குனியில். ஒரு வருசம் சில பிள்ளைகளோடு நின்றுவிடும். இன்னொரு வருசம் ஒரு வீடும் தப்பாது. முன்பு தப்பிய பிள்ளைகளெல்லாம் சேர்ந்து நோயில் படுப்பார்கள். அதுவரை பெரியவர்களுக்கு வந்து நான் கண்டதில்லை. எங்கள் கரையில் எல்லோருக்கும் சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும்.

வாடிக்குப் போனபிறகு பிள்ளைகள் ஒருவர் மாறி ஒருவர் படுத்தால், பெண்கள் மீன் காயப்போடப் போக முடியாது. அதனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம். முதலில் கொப்புளம் போட்ட பிள்ளையோடு மற்றப் பிள்ளைகளையும் ஒரே பாயில் விடுவார்கள். ஒன்றாக வந்து ஒன்றாக மாறட்டும் என்று.

அந்த வருசம் முதலில் விழுந்தது மாமியின் மகள். மாமி, அப்பாவின் அக்கா, பக்கத்து வளவில் இருந்தவர். எனக்கும் தம்பிக்கும் இன்னும் வராதபடியால், மகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். காட்டு ஊரான வெள்ளாங்குளத்திலிருந்து கட்டிவந்த அம்மா அப்போது மாதம் நெருங்கிய வயிற்றோடு இருந்தார்.

"எனக்கும் இது இன்னும் வரேல்லை மச்சாள்," என்றார் அம்மா.

"என்ன கதை இது? கொப்புளிப்பான் வராத ஆளும் உலகத்திலை இருக்கோ?"

"எங்கடை ஊரிலை நான் கண்டதே இல்லை."

மாமி சிரித்தார். "ஓமோம், வெள்ளாங்குளத்துக் காட்டுக்கை வர நோய் வருத்தத்துக்கும் பயமாக்கும்! சின்னனிலை வந்திருக்கும், மறந்துபோனியள். இஞ்சை பாருங்கோ, கையிலை அம்மைப்பால் குத்தின தழும்பு. பிறகென்ன?"

அந்தத் தழும்பு பெரியம்மைக்குக் குத்தியது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. வாழ வந்த ஊரில் மறுத்துப் பேசுகிறவரும் அல்லர். பாயை விரித்தார்.

எங்களுக்கு வந்தது. கொஞ்சம் காய்ச்சல், நிறையச் சொறிச்சல், அவ்வளவுதான். அதே நாட்களில் அம்மாவும் விழுந்தார். அவருக்கு அது வேறு நோய் போல இருந்தது. தொண்டைக்குள்ளும் கொப்புளம். இருமல். மூச்சு இழுத்தது. அப்பா மன்னார்ப் பட்டணத்துக்குப் போய் டொக்குத்தரைக் கூட்டிவந்தார்.

"சின்னனிலை வரேல்லையோ?" என்று அவர் கேட்டார்.

அப்பா மாமியைப் பார்த்தார். மாமி நிலத்தைப் பார்த்தார்.

வெளியாட்கள் போய்வராத ஊர்களில் சிலர் இப்படித் தப்பியே வளர்ந்துவிடுவார்கள் என்றும், வளர்ந்தபின் வந்தால் கடுமை, வயிற்றில் பிள்ளை இருந்தால் இன்னும் கடுமை என்றும் டொக்குத்தர் சொன்னார். அன்றிலிருந்து மாமி எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. அம்மாவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு செபமாலை சொல்லியபடியே இருப்பார்.

கொப்புளங்கள் காயுமுன்னே பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. சில நாட்களில் அதன் நெஞ்சிலும் கொப்புளம் போட்டது. பால் குடிக்கவில்லை. ஞானஸ்நானம் கொடுக்கிற பங்குச் சுவாமியார் வேறு ஊர்க் கோயிலுக்குப் போயிருந்தார்.

"மச்சாள், நீங்கள் ஞானஸ்நானம் குடுங்கோ," என்றார் அம்மா.

"நானோ? என்ரை கையாலையோ?"

"வேறை ஆர் இருக்கினம்? பிள்ளை போயிடும்."

மாமி செம்பை எடுத்தார். தண்ணீர் பிள்ளையின் தலையில் விழுந்ததைவிட அவர் சேலையில் விழுந்ததுதான் கூட. சொல்ல வேண்டிய வார்த்தையைப் பாதியில் விட்டு, திரும்பவும் தொடங்கினார். பொழுது சாயுமுன் அந்தப் பிறந்த தம்பி போய்விட்டான்.

அம்மா பிழைத்தார். ஆனால் தண்ணீர்க் குடம் தூக்கினால் நின்று மூச்சு வாங்குவார். அந்த வருசம் நாங்கள் வாடிக்குப் போகவில்லை. ஒருவரும் ஒருவரையும் ஏசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தெருவில் அந்த வழக்கமும் நிற்கவில்லை. ஆனால் அடுத்த பங்குனியில் மாமி வீடு வீடாகப் போனார். வெளியூரிலிருந்து கட்டிவந்த பெண்களைக் கூப்பிட்டு, "உங்களுக்குக் கொப்புளிப்பான் வந்ததோ, பிள்ளை? தெரியாதெண்டால் தாயிட்டைக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ. சிரிக்க இது பகிடி இல்லை," என்பார்.

வைத்தியம் படித்த யாராவது இதை வாசித்தால் ஒன்றைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். அந்த வருசம் தெரு முழுக்கக் கொப்புளிப்பான் கிடந்தது. அம்மா அந்தப் பாயிலிருந்துதான் அதை வாங்கினாரா, இல்லை கிணற்றடியிலோ கோயிலிலோ எப்படியும் வாங்கியிருப்பாரா? மாமி சாகும்வரை கேட்ட கேள்வி இது. மாதத்தையோ காற்றையோ நான் மாற்றி எழுதியிருந்தால் அதையும் திருத்திவிடுங்கள்.